நானூறு ஜிபி காத்த காதை

எழுபத்தொன்பது மணி நேரமும் இருபது நிமிடமும் நீடித்த பெரும்போரில், ஒரு வாள் உருவாமல், ஒரு சொல் உயர்த்தாமல், சாப்பாட்டு நேரம் தவிர நாற்காலியை விட்டு எழாமல் பொருத நாயகியே, வாழி! இயற்பியல் பட்டத்தை முதல் வகுப்பில் வென்ற வீறுடையாளே, வாழி! கேட்ட கேள்விக்குத் தலையசைவால் விடை பகர்பவளே, தொலைபேசி மணி ஒலித்தால் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் பாட்டிலோடு அகன்றுவிடும் விரைகால் படைத்தவளே, செங்கம் ரோட்டுக் கிளைச் சந்தில், டீக்கடை மாடியில், ‘முருகவேல் வீடியோஸ்’ எனும் திருநாட்டின் மூன்றாம் மேசைக்கு உரியவளே, மணிமொழியே, உன் புகழைச் சொல்லப் புகுகிறோம். நீயோ உன் புகழை யாரும் சொல்லாதிருந்தால் நலம் என்று நினைப்பாய். அதற்கும் வாழி!

களம் எதுவெனக் கேட்பீராயின், கேளுங்கள். நான்கு மேசைகள், நான்கு கணினிகள். அவற்றுக்குப் பின்னால், முற்காலத்தில் குளியலறையாக இருந்து, குழாய் பிடுங்கப்பட்டு, ஏசி பொருத்தப்பட்டு, இக்காலத்தில் கருவறை ஆகிவிட்ட ஓர் அறை. அதனுள்ளே மூன்று விசிறிகள் முழங்கப் பச்சைக் கண் சிமிட்டி வீற்றிருக்கும் கரும்பெட்டியே சர்வர். எந்த மேசைக்கும் தனிக் களஞ்சியம் கிடையாது. எவர் எதை எழுதினாலும் நீல வயர் வழியே ஓடி அந்த ஒரே பெட்டியில்தான் விழும். கீழ்பென்னாத்தூரில் கட்டிய தாலியும் செங்கத்தில் வைத்த நலங்கும் ஆரணியில் அழுத பெண்வீட்டாரும் அங்கே ஒருவர்மேல் ஒருவராகத் துயில்கின்றனர். பெட்டி பெரிதுதான். ஆனால் இந்த மாவட்டத்து முகூர்த்த நாட்கள் அதைவிடப் பெரியவை.

இனிப் பகையின் காரணம். பாத்திரக்கடை ஜியாவுல்லா தம் மகள் ஆஃப்ஷீனின் மூன்று நாள் திருமணத்தைப் படமாக்கும் பணியை இந்நாட்டிடம் ஒப்படைத்திருந்தார். அதை வெட்டி, ஒட்டி, இசை கோத்து முடித்தவள் மணிமொழி. முடித்த படத்தை ஒரே முழு வடிவமாக வார்த்தெடுக்கும் வேள்விக்கு ரெண்டர் என்று பெயர். அதற்குப் பதினோரு மணி நேரமும் நானூறு ஜிபி இடமும் வேண்டும். வேள்வி தொடங்கும்போது இடம் இருந்தால் போதாது. முடியும்போதும் இருக்க வேண்டும். முதல் முறை தொண்ணூற்றேழு சதவீதத்தில் ‘இடமில்லை’ என்று திரை சொன்னது. இரண்டாம் முறை தொண்ணூற்றொன்பதில் சொன்னது. இரு முறையும் இடையில் வந்து, கழுத்தில் கேமராவும் வாயில் போண்டாவுமாக நின்றபடி, மெமரி கார்டுகளைப் பெட்டியில் கொட்டிவிட்டுப் போனவன், இரண்டாம் மேசைக்கு உரிய ஒளிப்பதிவாளன், முகூர்த்தம் பல கண்ட மூர்க்கன், விமல்ராஜ்.

இரண்டாம் தோல்விக்குப் பின் நாட்டின் வேந்தரும் உரிமையாளருமான முருகவேல் மேசைமேல் கைவைத்து ஆணை பிறப்பித்தார்.

“ஏம்மா மணிமொழி, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா நீ எடிட்டிங்க வுட்டுட்டு முன்னாடி டேபிள்ல ஒக்காந்து போன் எடு. கஸ்டமருக்கு நீயே பதில் சொல்லு.”

சிறையென்றால் தாங்கியிருப்பாள். நாடு கடத்தியிருந்தால் டிபன் பாக்ஸோடு நடந்திருப்பாள். போன்! நாளொன்றுக்கு அறுபது அழைப்பு, அறுபது “யாரு பேசறது”, அறுபது முறை தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லும் கொடுமை!

விமல்ராஜிடம் போய், “கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்” என்று சொல்லியிருக்கலாம். நான்கு சொற்கள். அவற்றைச் சொல்வதைக் காட்டிலும் கணினியின் ஆழத்தில் இறங்கிப் பத்துக் கோடிப் படை திரட்டுவது எளிது என்று நம் நாயகி முடிவு செய்தாள்.

பௌர்ணமி கிரிவலம் முடிந்த காலையில் பஸ் நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புதிதல்ல. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியே ஒரு துண்டு பறந்து போய் சீட்டில் விழும். துண்டுக்கு உரியவர் பின்னால் மெதுவாக வருவார். அதுவரை துண்டே அவர். டிஸ்கிலும் இப்படித் துண்டு போடலாம். ‘இந்த ஃபைலுக்கு இத்தனை இடம் இப்போதே ஒதுக்கி வை, எழுத வேண்டியதைப் பிறகு எழுதுகிறேன்’ என்று கேட்பதற்கு ஒரு கட்டளை உண்டு. தன் கணினிக்குள்ளேயே கேட்டால் நொடியில் கிடைக்கும். வயரின் மறுமுனையில் இருக்கும் சர்வரிடம் கேட்கும்போதுதான், கிடைப்பதும் கிடைக்காததும் அங்கே வீற்றிருக்கும் வேந்தனின் குணத்தைப் பொறுத்ததாகிறது.

சர்வர் எனும் வேந்தர் மூவகையினர். முதலாமவன் புதுமொழி கற்றவன். ‘நானூறு’ என்றதும் ஒரு புள்ளியும் எழுதாமல் தன் ஏட்டில் எல்லை குறித்து, ‘தந்தோம்’ என்பான், தந்தது தந்ததுதான். இரண்டாமவன் கேட்டவர்க்கெல்லாம் தலையாட்டுபவன். ‘தந்தோம்’ என்பான், ஏட்டில் குறிக்க மாட்டான், அதே நிலத்தை மாலையில் வேறொருவனுக்கும் தந்துவிட்டுக் கடைசி நாளில் கைவிரிப்பான். மூன்றாமவன் பழைய மொழி மட்டுமே அறிந்தவன். எழுது என்றால் எழுதுவான், படி என்றால் படிப்பான், ஒதுக்கு என்றால் விழிப்பான். அவனிடம் தூது போன நிரல் வெறுங்கையோடு திரும்புவதில்லை. யாருக்கும் சொல்லாமல் தானே கடப்பாரை எடுத்து, நிலத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பூச்சியத்தை நட்டுக்கொண்டே போகும். நட்டு முடித்த நிலம் நம் நிலம். நடும் வரை வயரில் வேறு எவனும் நிம்மதியாக நடக்க முடியாது.

ஆறு ஆண்டுக்கு முன் மாட்டிய அந்தக் கரும்பெட்டி எவ்வகை வேந்தன் என்பதை நாயகி திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்குக் கட்டளையைத் தட்டிய பின்புதான் அறிந்தாள். நொடியில் முடியும் என நினைத்திருந்தாள். ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. நானூறு ஜிபி நிலத்தில் கட்டங்கள் சுமார் பத்துக் கோடி. கையில் வேல் இல்லாத, காலில் செருப்பில்லாத, முகமே இல்லாத பத்துக் கோடிப் பூச்சியங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, மூன்றாம் மேசையிலிருந்து புறப்பட்டு நீல வயர் வழியே குளியலறைக்குள் அணிவகுத்துப் போயின. கடல் கரை தாண்டியதோ, கார்மேகம் தரையில் நடந்ததோ என்று ஐயுறத்தக்க அந்தப் பேரணியின் ஓசை, சர்வரின் விசிறி சற்று வேகமாகச் சுற்றியதில் மட்டும் கேட்டது.

இரண்டாம் மேசையில் ஒரு மாப்பிள்ளை தாலியைத் தூக்கிய கையோடு உறைந்து நின்றார். விமல்ராஜ் மவுஸைத் தட்டினான். மாப்பிள்ளை ஓர் அங்குலம் நகர்ந்தார்.

“இன்னாடா இது, இந்த இழுப்பு இழுக்குது. யாராச்சும் படம் கிடம் டவுன்லோட் போட்டிருக்கீங்களா?”

விமல்ராஜ் மூன்றாம் மேசைப் பக்கம் திரும்பினான்.

“மொழி மேடம், உங்களுக்கு ஸ்லோவா இருக்கா?”

மணிமொழி தலையை, ஆம் என்றும் இல்லை என்றும் பொருள் கொள்ளத்தக்க ஒரு கோணத்தில் அசைத்தாள்.

“சரி சரி, இன்னிக்கு ஜாஸ்தி பேசிட்டீங்க. தொண்ட கட்டிக்கப் போவுது, தண்ணி குடிங்க.”

மாலை நான்கு நாற்பதுக்குக் கடைசிப் பூச்சியம் தன் இடத்தில் அமர்ந்தது. மாப்பிள்ளை தாலி கட்டி முடித்தார். பெட்டியில் எஞ்சியிருந்தது வெறும் முப்பது ஜிபி.

அந்தப் படை எங்கே பாசறை அமைத்தது? அதில்தான் நாயகியின் நுண்மதி. சர்வர் மாட்டிய ஆயுத பூஜை நாளில், முருகவேல் தம் கையாலேயே ‘00 பூஜை’ என்றொரு ஃபோல்டர் திறந்து, அதனுள் பிள்ளையார் சுழி மட்டும் போட்ட ஒரு சிறு ஃபைலை வைத்திருந்தார். வெள்ளிதோறும் அதைப் பெரிய திரையில் திறந்து, மானிட்டரின் மூலையில் சந்தனமிட்டு, கற்பூரம் காட்டி, மூடிவிடுவார். மற்ற நாட்களில் எவரும் அதனுள் போவதில்லை. ஃபோல்டரை வெளியிலிருந்து பார்த்தால் அளவும் தெரியாது. அழிக்கத் துணிவார் இல்லாத அந்த ஒரு ஃபைலின் வாலை நீட்டித்தான் மணிமொழி நானூறு ஜிபி ஆக்கியிருந்தாள். தலையில் பிள்ளையார் சுழி, வாலில் பத்துக் கோடிப் பூச்சியம். ரெண்டருக்கு முந்தைய நிமிடம் வாலை நறுக்குவாள். காலியான இடத்தில் ஆஃப்ஷீனின் படம் இறங்கும். துண்டை எடுத்துவிட்டு உட்காருவது போல.

உட்காரும் நேரம்தான் வரவில்லை. ஜியாவுல்லா நாள்தோறும் படியேறி வந்து, விட்டுப்போன மாமா ஒருவரைப் படத்தில் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திங்களன்று வாணியம்பாடி மாமா. செவ்வாயன்று அவருடைய சம்பந்தி.

செவ்வாயன்று இன்னொன்றும் நடந்தது. கீழ்பென்னாத்தூரில் இரண்டு நாள் கல்யாணத்துக்குக் கிளம்பவிருந்த விமல்ராஜ், பெட்டியில் இடம் பார்த்துத் திகைத்தான்.

“ண்ணா, வெறும் முப்பது ஜிபிதான் காட்டுது. போன வாரம் எவ்ளோ இருந்துது. எங்க போச்சு? மேலேருந்து ஒவ்வொண்ணா தொறந்து பாத்து, வேணாதத கழிச்சிட்டு வரட்டுமா?”

மேலேயிருந்து என்றால் முதல் ஃபோல்டர் பூஜை. மணிமொழியின் விரல்கள் விசைப்பலகைமேல் கல்லாயின. ஆனால் அஞ்சியவள் அவள் மட்டும் அல்லள், வேந்தரும் அஞ்சினார்.

“பூஜ ஃபோல்டர்ல கைய வெச்சே, கைய ஒடிச்சிடுவேன். அது மட்டும் யாரும் தொடக் கூடாது. இப்பவே அத பூட்டு. என் பாஸ்வேர்டு போட்டு, நான் தொறந்தாதான் தொறக்கணும்.”

விமல்ராஜ் பூட்டினான். தன் பகையாளியின் கோட்டையைத் தானே பூட்டிச் சாவியை வேந்தரிடம் தந்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போனான். புதன்கிழமை, யாரும் பார்க்காதபோது, மணிமொழி அந்த ஃபைலின் வாலை ஓர் அங்குலம் நறுக்கிப் பார்க்க முயன்றாள். ‘அனுமதி இல்லை’ என்றது திரை. ஆக, கோட்டைக்குள் அவளுடைய படை, வெளியே அவள். கவலையில்லை. வெள்ளி காலை பூஜைக்கு வேந்தர் பூட்டைத் திறப்பார். கற்பூரம் மலையேறுவதற்குள் மூன்றாம் மேசையிலிருந்து ஒரே கட்டளை. அதுவரை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பேசாதிருத்தல். உலகில் அவளை மிஞ்ச ஆளில்லாத கலை அது.

புதனன்று அவள் இன்னொரு காரியமும் செய்தாள். காவியங்களில் நாயகர் பகைவன் பாசறைக்குள் மாறுவேடத்தில் நுழைவதுண்டு. விமல்ராஜின் ஃபோல்டர்களில் அழிக்கத்தக்கது ஏதேனும் உண்டா என்று பார்க்க நுழைந்தாள். ‘ஜோதியம்மாள்’ என்றொரு ஃபோல்டர், முந்நூற்றெண்பது ஜிபி. திறந்தாள். ராஜகோபுரத்துக்கு எதிரே செருப்புக்குக் காவல் இருக்கும் பெண்மணி. டோக்கன் தராதவர். நூற்றுக்கணக்கான ஜோடிகளை, அவற்றைக் கழற்றியவர் முகத்தை மட்டும் பார்த்து எடுத்துக் கொடுப்பவர். ஒரு காட்சியில் ஒரு ஆள் பிடிவாதமாக வேறு செருப்பைக் கேட்கிறார். “அது உன்னுது இல்ல நைனா, உன் கால பாரு, வலது பக்கம் தேச்சி நடக்கற ஆளு நீ” என்கிறார் ஜோதியம்மாள், சிரிக்காமல். கேமரா மட்டும் சற்று ஆடுகிறது. பின்னாலிருப்பவன் சிரிப்பை அடக்குகிறான். இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். மணிமொழி ஐந்து நிமிடம் பார்க்கலாமென்று ஹெட்போன் மாட்டினாள். எடுத்தபோது நாற்பது நிமிடம் போயிருந்தது. எதையும் அழிக்காமல் வெளியே வந்தாள்.

வியாழன் மாலை நான்கு மணி. இறுதிப் போர்.

விமல்ராஜ் கீழ்பென்னாத்தூரிலிருந்து முந்நூற்றைம்பது ஜிபி நிறைந்த கார்டுகளோடு வந்து நின்றான். மறுநாள் காலை போளூரில் முகூர்த்தம். அதற்குள் கார்டுகள் காலியாக வேண்டும். வெளி டிஸ்குகள் எல்லாம் கஸ்டமர் வீடுகளில். புது டிஸ்க் சனிக்கிழமைதான் வரும். மூலை நாற்காலியில் ஜியாவுல்லா, நான்காவது மாமாவின் போட்டோவோடு. மகளும் மருமகனும் சனி இரவு ஷார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறார்கள். அதற்குள் படம் கையில் வேண்டும்.

முருகவேல் சர்வர் திரையின் முன் உட்கார்ந்தார்.

“கஸ்டமருதெல்லாம் ஒரு வருஷம் வெப்போம்னு ரசீதுல அடிச்சிருக்கேன். அத தொட முடியாது. விமலு, இந்த ஜோதியம்மாள்னு இருக்கே, இது உன்னுதுதான?”

“ஆமாண்ணா. என் படம்.”

“எவ்ளோ?”

“முந்நூத்தி எம்பது.”

“இத தூக்கினா சரியா பூடும்.”

விமல்ராஜ் கையிலிருந்த கார்டு டப்பாவைத் திறந்தான், மூடினான்.

“ண்ணா, வேற காப்பி இல்லண்ணா. டிஸ்க் வாங்கி மாத்தணும் மாத்தணும்னு தள்ளிப் போட்டுட்டேன்.”

“அப்போ நாளைக்கு அந்த பொண்ணு கழுத்த நீட்டறப்போ, கார்டு இல்ல, கொஞ்சம் இரும்மான்னு நீ போய் சொல்றியா?”

ஜியாவுல்லாவுக்கு மனம் கேட்கவில்லை. “எடந்தான் கம்மின்னா, எங்க மாமாங்கள வேணா ரெண்டு பேர எடுத்துடுங்க முருகவேல். வாணியம்பாடிகாரரு கோச்சுக்குவாரு, நான் பாத்துக்கறேன்.”

“மாமாங்க ரெண்டு ஜிபி கூட தேற மாட்டாங்க பாய்.”

விமல்ராஜ் மணிமொழியைப் பார்த்தான். கிண்டலுக்கு ஒரு சொல் தேடியது போல வாய் திறந்தது. பிறகு முருகவேல் பக்கம் திரும்பினான்.

“நீங்களே அழிச்சிடுங்கண்ணா. என்னால பட்டன அமுக்க முடியாது. நான் கீழ டீக்கடைல இருக்கேன்.”

கேளீர், கேளீர்! வெற்றி நம் நாயகியின் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. அவள் அசையவே வேண்டாம். பகைவன் தன் நாட்டைத் தானே ஒப்படைத்துவிட்டான். இன்றிரவு அவனுடைய கார்டுகள் ஜோதியம்மாளின் இடத்தில் இறங்கும், நாளை கற்பூரம் எரியும், கோட்டை திறக்கும், ஆஃப்ஷீனின் படம் நூறு சதவீதத்தைத் தொடும், முன்மேசைப் போனை வேறு யாரேனும் எடுப்பார்கள். வாய் திறந்தாலோ, அந்த நானூறில் கார்டுகள் குடியேறும், அதில் அவளுக்கு மிஞ்சுவது அரைக்கால் பங்கு, மூன்றாம் தோல்வி, அறுபது “யாரு பேசறது.” இந்தக் கணக்கை அவள் மூளை, இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கிய மூளை, அரை நொடியில் போட்டு முடித்துவிட்டது.

முருகவேல் மவுஸைப் பிடித்தார். ஃபோல்டர் நீலமாயிற்று. ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்டது பெட்டி. ஒதுக்கச் சொன்னால் புரியாத அந்தப் பெட்டிக்கு அழிக்கச் சொன்னால் மட்டும் நன்றாகப் புரிந்தது. கதவருகே விமல்ராஜ் ஒரு காலில் செருப்பை மாட்டி, மறு காலைத் தேடிக்கொண்டிருந்தான்.

அப்போது, அந்தோ, மூன்றாம் மேசையின் பின்னே ஓர் ஓசை எழுந்தது. நாற்காலிச் சக்கரம் தரையில் உருண்ட ஓசை. ஐந்நூறு யானைகள் சங்கிலி அறுத்து எழுந்தாற்போல நாயகி எழுந்தாள். மேசை விளிம்பை இறுகப் பற்றினாள். பற்றியதில் கீபோர்டு சரிந்து தொங்கியது. அடிவயிற்றில் ஒரு சொல் படைதிரட்டியது. நெஞ்சுக்குழிக் கணவாயில் அச்சம் எனும் பெருஞ்சேனை மறித்து நின்றது, சொல் பின்வாங்கியது, மீண்டும் ஏறியது, இருபத்து மூன்று ஆண்டுகளாக எவர் ஏறியும் கைப்பற்றாத தொண்டைக் கோட்டையின் மதிலில் ஏணி சாத்தி, வழுக்கி, விழுந்து, நாக்கு எனும் அகழியை நீந்தி, பல் எனும் கடைசிக் கதவை முட்டியது. முருகவேலின் விரல் தாழ்ந்தது. ஜியாவுல்லா மாமாவின் போட்டோவை மடித்தார். மின்விசிறி நின்றதோ, காற்று நின்றதோ, மலைமேல் மேகம் நின்றதோ, அறியோம். மணி நான்கரை.

“அண்ணா, பூஜ ஃபோல்டர்ல நானூறு ஜிபி நான்தான் சும்மா ரொப்பி வெச்சிருக்கேன், உள்ள ஒண்ணுமில்ல.”